இணைப்பு நன்று, வாடிக்கையாளர் சேவையின் ஆங்கிலம் தாங்கவில்லை

இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஃபைபர் இணைய இணைப்பு இருக்கிறது. நான் எழுதப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன்; மாலை நேரத்திலும் 90க்குக் குறையாமல் வருகிறது. ஆகவே இணைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்ற கார்த்திகை மழையில் ஐந்து நாள் இணையம் நின்றுபோனபோதுதான் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவையோடு எனக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. இந்த மதிப்புரை அந்தச் சேவை பேசுகிற மொழியைப் பற்றியது.

முதல் நாள் தொலைபேசியில் இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தேன். அதற்குள் "யுவர் கால் இஸ் வெரி இம்பார்ட்டன்ட் டு அஸ்" என்ற பதிவுக்குரலைப் பதினொரு முறை கேட்டேன். தமிழுக்கு 2ஐ அழுத்தினால் தப்பிக்கலாம் என்று பார்த்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று அதே வாக்கியம் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றது. நம் வீடுகளில் வந்தவரைக் காக்கவைக்க நேர்ந்தால் "உட்காருங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்போமே தவிர, வாசலில் நிறுத்திவைத்து அவருடைய வருகையின் முக்கியத்துவத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

இணைப்பில் வந்த பெண், வீட்டிலுள்ள இணையக் கருவியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்" என்றார். எல்.ஓ.எஸ். என்று எழுதிய அந்த விளக்கு சிவப்பாக மினுக்கினால் கண்ணாடியிழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கருவியை அணைத்துப் போடுவதால் பயன் இல்லை. முழுவதும் புரிந்துகொண்ட அவர் என்னைக் கருவியை அணைத்துப் போடச் சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இத்தகைய மையம் ஒன்றில் வேலை பார்த்த என் அக்கா மகன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: அழைப்புகளைப் பிறகு ஒருவர் கேட்டு மதிப்பெண் போடுவாராம், அனுதாப வாக்கியம் விடுபட்டால் மதிப்பெண் குறையுமாம். ஆக, அந்த வாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னதே அல்ல. மதிப்பெண் போடுகிறவருக்குச் சொன்னது.

இரண்டாம் நாளிலிருந்து அரட்டைப் பெட்டியில் முறையிட்டேன். "அட் த எர்லியஸ்ட்" என்ற சொற்றொடர் எப்படி வேலை செய்கிறது என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. நாளைக் காலை என்று சொன்னால் நாளை மதியம் கேள்வி கேட்கலாம். "அட் த எர்லியஸ்ட்" என்றால் எந்த மதியமும் கேட்க முடியாது. மூன்றாம் நாள் மாலை "யுவர் டிக்கெட் ஹேஸ் பீன் ரிசால்வ்ட்" (உங்கள் முறையீடு தீர்க்கப்பட்டுவிட்டது) என்று குறுஞ்செய்தி வந்தபோது சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. தீர்த்தது யார், எப்போது, எதை என்ற மூன்றையும் மறைத்துவிட்டு இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் நிற்கும் அந்த வாக்கியத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்தி இல்லையென்றால் "எஸ்கலேட்" செய்யலாம், அதாவது மேலிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மின்னஞ்சலும் வந்தது. முறையீட்டு மையத்தின் தீர்வில் நிறைவில்லை என்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த இரண்டு எண்களும் மின்னஞ்சலில் இல்லை.

எரிச்சலூட்டும் ஆங்கிலம் என்றாலே நம்மவர்களின் "டூ த நீட்ஃபுல்", "ரிவர்ட் பேக்" ஆகியவற்றைத்தான் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "டூ த நீட்ஃபுல்" ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே புழங்கிய தொடர். அங்கே வழக்கொழிந்த பின் நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. மனுக்களில் நாம் எழுதும் "ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்" என்பதன் உடன்பிறப்பு அது. கேட்பவர் இன்னார், செய்ய வேண்டியவர் இன்னார் என்பதாவது அதில் தெரிகிறது. "ரிவர்ட்" என்பதற்குப் பதிலளித்தல் என்ற பொருள் இங்கே மட்டுமல்லாமல் சிங்கப்பூர், மலேசிய அலுவலகங்களிலும் வழங்குகிறது. ஆங்கிலேயர்களுக்கும் சொந்த எரிச்சல்கள் உண்டு. எளிய ஆங்கிலத்துக்காக 1979 முதல் இயங்கும் பிரிட்டன் இயக்கம் ஒன்று 2004இல் தன் ஆதரவாளர்களிடம் கருத்துக் கேட்டபோது, மிக எரிச்சலூட்டும் தொடராக முதலிடம் பெற்றது "அட் த எண்ட் ஆஃப் த டே". எனக்கென்னவோ அது வெறும் பேச்சு வழக்கு, "வந்து", "அதாவது" போல. அதனால் யாருக்கும் ஐந்து நாள் இணையம் நின்றுபோகாது.

ஐந்தாம் நாள் காலை ஒரு தம்பி மழைக்கோட்டோடு வந்தார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "கால்வாய் தோண்டுனவங்க கேபிளை அறுத்துட்டாங்க சார். முக்குல இருக்கிற பெட்டியில ஒட்டணும், ஒரு மணி நேரம் ஆகும்" என்றார். ஐந்து நாளில் நான் கேட்ட முதல் தகவல் அதுதான். ஐம்பது நிமிடத்தில் விளக்கு பச்சையானது. கிளம்பும்போது கருவியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் தன் கைபேசி எண்ணை எழுதிவிட்டு, "அடுத்த தடவை கஸ்டமர் கேருக்குப் போட்டு அலையாதீங்க, எனக்கே போடுங்க" என்றார்.

இணைப்புக்கு ஐந்தில் நான்கு. அந்தத் தம்பிக்கு ஐந்து. வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று, அதுவும் தமிழில் பேசத் தொடங்கியதும் நான் கேட்காமலேயே முறையீட்டு எண்ணை மெதுவாக இருமுறை சொன்ன அந்தப் பெண்ணுக்காக. தை மாதம் சந்தா முடிகிறது. இதே நிறுவனத்தில்தான் புதுப்பிக்கப் போகிறேன்.