லினக்ஸில் வீடியோ ஓட: கோடெக் தொகுப்பா, விஎல்சியா, எம்பிவியா?

லினக்ஸைப் புதிதாக நிறுவி ஓர் எம்பி4 கோப்பைத் திறந்தால், சில சமயம் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாகவே நிற்கும். கோப்பில் பழுது எதுவும் இல்லை. வீடியோவைச் சுருக்கி வைக்கும் எச்.264, எச்.265 என்ற முறைகள் (கோடெக்குகள்) இரண்டின் மீதும் காப்புரிமைகள் இருக்கின்றன. அந்தச் சிக்கல் வேண்டாம் என்று ஃபெடோரா போன்ற விநியோகங்கள் (லினக்ஸின் வெவ்வேறு பதிப்புகள்) அவற்றை விரித்துப் படமாக்கும் டிகோடர்களை முழுதாகச் சேர்க்காமலே தருகின்றன.

உதவி கேட்டால் உடனே வரும் பதில், "விஎல்சி போட்டுக்கொள்ளுங்கள்" என்பதுதான். பாதிதான் சரி. விஎல்சி, எம்பிவி என்ற இரண்டு பிளேயர்களும் வீடியோவை விரித்துக் காட்ட பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற டிகோடர் நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஃபெடோராவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அவற்றை நிறுவினால், கூடவே வருவது காப்புரிமை உள்ள பகுதிகளை நீக்கிய எஃப்எஃப்எம்பெக். பிளேயர் மாறினாலும் கறுப்புத் திரை மாறாமல் போகலாம்.

அதனால் என் முதல் தேர்வு கோடெக்கை இயங்குதளத்திலேயே சரிசெய்வது. உபுண்டுவில் 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பு ஒன்று போதும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து, குறைக்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக்கை எடுத்துவிட்டு முழுப் பதிப்பைப் போட வேண்டும். இதில் பெரிய லாபம், பலன் ஒரு பிளேயரோடு நிற்காது என்பது. ஃபயர்ஃபாக்ஸும் எச்.264 வீடியோவுக்கு இதே நூலகத்தைத்தான் தேடுகிறது.

ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை இதற்கு நேர் எதிர். பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்குகளோடு தனிப் பெட்டியாக வரும், இயங்குதளத்தைத் தொடாது. சில்வர்ப்ளூ மாதிரி, அடித்தளத்தை மாற்றாமல் வைத்திருக்கும் விநியோகங்களில் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வட்டில் இடம் அதிகம் பிடிக்கும், தனியாக நிறுவியிருக்கும் உலாவிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

படம் ஓடினால் மட்டும் போதாது, எதை வைத்து ஓடுகிறது என்று பாருங்கள். 2022-இல் ஃபெடோரா தன் மேசா கிராஃபிக்ஸ் டிரைவர்களிலிருந்து எச்.264, எச்.265, விசி-1 ஆகிய கோடெக்குகளின் வன்பொருள் டிகோடிங்கை (கிராஃபிக்ஸ் சிப்பே வீடியோவை விரிப்பதை) எடுத்துவிட்டது. ஏஎம்டி கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்களை இது நேராகப் பாதித்தது. 4கே கோப்பு ஓடும், ஆனால் சுமை முழுவதும் சிபியூ மேல் விழும். விசிறி இரையும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். இதற்கும் ஆர்பிஎம் ஃப்யூஷனில் மாற்று டிரைவர் இருக்கிறது. எம்பிவியில் படம் ஓடும்போது ஆங்கில 'ஐ' விசையைத் தட்டினால், கோடெக் பெயரோடு வன்பொருள் டிகோடிங் நடக்கிறதா என்பதும் திரையிலேயே தெரியும். பிரச்சினை எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

அப்புறம், இரண்டு பிளேயர்களில் எது? பழைய டபிள்யூஎம்வி கோப்புகள், பாதி இறங்கிய கோப்புகள், டிவிடி மெனு என்றால் விஎல்சி. எல்லாமே மெனுவில் கைக்கு எட்டும், வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லித்தர வேண்டியிருக்காது. பூட்டிய டிவிடிகளுக்கு மட்டும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். எம்பிவியில் அமைப்புகளை உரைக்கோப்பில் எழுத வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டால் படத்தின் துல்லியமும் வசன வரிகளும் மனதுக்கு நிறைவாக இருக்கும். தினமும் நான் திறப்பது எம்பிவிதான்.

கோப்பையே ஏவி1 என்ற கோடெக்குக்கு மாற்றிவிடலாமே என்பார்கள். 2018-இல் வந்த இந்த வடிவம் உரிமக் கட்டணம் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் பார்ப்பதற்காக மட்டும் மாற்றுவது வீண் வேலை. நேரம் இழுக்கும், தரமும் கொஞ்சம் குறையும்.

ஓடிடி தளங்களின் பூட்டு வேறு சங்கதி. அங்கே எந்த பிளேயரும் உதவாது, உலாவியில் அந்தப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற பகுதி வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் டிஆர்எம் (இப்படிப் பூட்டிய) உள்ளடக்கத்தை அனுமதித்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். ஆனால் லினக்ஸ் உலாவிகளில் சில தளங்கள் குறைந்த தெளிவில்தான் படம் காட்டும், எந்தக் கோடெக்கைப் போட்டாலும் அது மாறாது.