நாள் முழுதும் இளஞ்சூடா, நேரம் பார்த்துச் சூடா?

குளிர்காலம் வந்தால், தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரும் அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரும் உள்ள வீடுகளில் இந்த வழக்கும் வந்துவிடும். அணைத்து அணைத்துப் போட்டால்தான் செலவு அதிகம், குறைந்த சூட்டில் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்பார் ஒருவர். ஆள் இருக்கும்போது ஓடினால் போதாதா என்பார் இன்னொருவர்.

செலவுக் கணக்கில் இரண்டாமவர் சொல்வதுதான் சரி. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ, அந்த அளவுக்குச் சுவரும் ஜன்னலும் கூரையும் வெப்பத்தை வெளியே விடுகின்றன. வெளியே 5 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 15. வீடு பூட்டிக் கிடக்கும்போது உள்ளே 14-க்கு இறங்கினால் வித்தியாசம் 9 ஆகிவிடும்; அந்த நேரத்து இழப்பில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். திரும்பச் சூடேற்றும்போது அதெல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். இழக்காத வெப்பத்தை யாரும் ஈடுகட்ட வேண்டியதில்லை.

வசதி என்று பார்த்தால் முதலாமவரையும் ஒதுக்க முடியாது. தடித்த கற்சுவர் வீட்டில் காற்று சீக்கிரம் சூடாகிவிடும், சுவர் ஆகாது. அறைச் சூட்டை அளந்து பாய்லரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் 20 காட்டும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கோ உடம்பு நடுங்கும். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடுகளில் கான்கிரீட் சூடேறவே பல மணி நேரம் பிடிக்கும். இத்தகைய வீடுகளில் டைமரை வெகு முன்கூட்டியே தொடங்க வைக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்க விடக்கூடாது. பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப், அதாவது வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் கருவி, வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி. அவசரமாகச் சூடேற்ற வேண்டுமானால் அது தண்ணீரை அதிகம் சூடாக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் கிடைக்கும் வெப்பம் குறைந்துபோகும்.

இந்த வாதத்திலேயே காலம் கழிவதால், இதைவிடப் பயன் தரக்கூடிய இன்னொரு போட்டி யார் கண்ணிலும் படுவதில்லை. பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், 75 டிகிரியா 55 டிகிரியா?

இன்றைய எரிவாயு பாய்லர்களில் பெரும்பாலானவை கண்டென்சிங் வகை. புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் மீட்டெடுப்பதே அவற்றின் சிறப்பு. ஆனால் ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75-ல் அனுப்பினால் பெரும்பாலும் 60-க்கு மேலேயே திரும்பி வரும். காசு கொடுத்து வாங்கிய சிறப்பு வேலை செய்யாமலே கிடக்கும். எனக்கு இது மிகுந்த ஆதங்கம் தரும் விஷயம், ஏனென்றால் மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பல பாய்லர்களின் முகப்பில் இரண்டு திருகு குமிழ்கள் இருக்கும். ஒன்றில் குழாய்ப் படம், மற்றதில் ரேடியேட்டர்ப் படம். ரேடியேட்டர்ப் படம் உள்ளதைத்தான் குறைக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் மட்டும் கவனம் தேவை. லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்கத் தொட்டித் தண்ணீர் 60 டிகிரியைத் தொட வேண்டும். ஆகவே அங்கே பாய்லரின் சூட்டை அதற்குச் சற்று மேலேயே வைக்க வேண்டும்.

தண்ணீரின் சூட்டைக் குறைப்பதில் ஒரு பாதகமும் உண்டு. 20 டிகிரி அறையில் ரேடியேட்டரின் சராசரிச் சூடு 70-லிருந்து 50-க்கு இறங்கினால், அது தரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அறை மெதுவாகத்தான் சூடேறும், பாய்லர் நெடுநேரம் ஓடும். ஓடட்டும், குறைவாகத்தான் எரிக்கிறது. தொட்டால் சுடாத ரேடியேட்டரைக் கண்டு பழுது என்று நினைக்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டா, அறைச் சூட்டுக்கேற்ப அந்தந்த ரேடியேட்டரைத் தானே திறந்து அடைக்கும் வால்வா என்பது போட்டியே அல்ல, இரண்டும் வேண்டும். சாதாரணத் தெர்மோஸ்டாட்டை 28-ல் வைத்தாலும் அறை விரைவாகச் சூடேறாது, பின்னால் புழுங்கும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் உள்ள அறையின் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். அதை அடைத்தால் அந்த அறை சூடேறாமல் பாய்லர் ஓயாமல் ஓடும். வால்வைத் திரைச்சீலை மூடியிருந்தால் அங்கே தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று எண்ணி முன்னதாகவே அடைத்துக்கொள்ளும்.

பகலில் ஆளில்லாத வீடு, கண்டென்சிங் பாய்லர், வெந்நீர்த் தொட்டி இல்லை என்றால் என் தேர்வு இது: டைமர், தண்ணீர் 55 முதல் 60 டிகிரி, படுக்கையறை வால்வு அதிலுள்ள எண் 2-ல். முதியவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் 18 டிகிரிக்குக் கீழே போக விடமாட்டேன். கடுங்குளிர் நாளில் அறை வேண்டிய சூட்டை எட்டவில்லையென்றால், தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் தண்ணீரின் சூட்டை ஐந்து டிகிரி ஏற்றிப் பார்ப்பேன்.