பழைய கொம்பியூட்டர் திருத்தக் கொடுப்பவர்கள் கவனம் (மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம்)

வீட்டில் 486, பென்டியம் போன்ற தொண்ணூறுகளின் பழைய கொம்பியூட்டர் மெஷின்களை வைத்துத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கம் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருத்துகிற சிலர், கொடுத்த மெஷினில் நல்ல பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மட்டமானதைப் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

பெரியப்பாவின் அச்சகத்தில் ஓடிய 486 அது. அதன் மூளையான புரொசெசர் சிப் டிஎக்ஸ்2 வகை, 66 மெகாஹெர்ட்ஸ், 16 எம்.பி. ரேம். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இதில்தான் அடித்தார்கள். மெஷின் ஓடியது, கீபோட் மட்டும் வேலை செய்யவில்லை. அந்தக் காலத்து மதர்போட்டுகளுக்கு (எல்லாப் பாகமும் பொருந்தும் பெரிய போட்) இது வழக்கமான வருத்தம். நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க, பீப்பாய் மாதிரி ஒரு 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பற்றரியை போட்டிலேயே சோல்டர் பண்ணியிருப்பார்கள். வயதானால் அது கசியும். பெரும்பாலும் கீபோட் சொக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே போகும் செம்புக் கோடுகள்தான் முதலில் அரிபடும். பச்சையும் நீலமுமாகப் பூத்துக் கிடக்கும். நம்ம ஊர் உப்புக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

அறுந்த கோடுகளை மைக்ரோஸ்கோப் வைத்து ஒட்டினால் நல்லது. கல்முனைப் பக்கம் போன் திருத்தும் ஒருவர் செய்வார் என்றார்கள். "இதென்ன தம்பி பெரிய வேலையா, பற்றரிய மாத்தி, போட்டக் கழுவி, லைன் இழுத்துத் தாறன்" என்றார். 9,000 ரூபா பேசி முற்பணமும் வாங்கினார். அப்புறம் எப்போது போனாலும் "மறுகா வாங்க தம்பி". ஒருவழியாக மெஷின் கைக்கு வந்தது. பில்லில் 'சேர்விஸ்' என்ற ஒரே ஒரு சொல்.

வீட்டில் போட்டால், திரையில் ரேமை எண்ணிக் காட்டுமே, அது 8 எம்.பி.யோடு நின்றுவிட்டது. அடுத்து வந்த பட்டியலில் கோ-புரொசெசர் (கணக்குப் போட உதவும் பகுதி) இல்லை என்று காட்டியது. டிஎக்ஸ்2வில் அது உள்ளேயே இருக்கும், அதைவிட மட்டமான எஸ்எக்ஸ் வகைச் சிப்பில்தான் கிடையாது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிப்பின் முதுகிலேயே எஸ்எக்ஸ் என்று பொறித்திருந்தது.

பற்றரி விஷயம் இதைவிட மோசம். பழைய பற்றரியைப் பிடுங்கிவிட்டு, பச்சைப் பூப்பைத் துடைக்காமல், அதே இடத்தில் மணிக்கூட்டுப் பற்றரி போன்ற வட்ட லித்தியம் பற்றரியின் ஹோல்டரை நேராக ஒட்டியிருக்கிறார். நடுவில் டையோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சிறு பாகம்) இல்லை. நிக்கல் கட்மியத்தை சார்ஜ் பண்ணுவதற்காக போட் அந்த இடத்துக்குக் கரண்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். லித்தியம் வட்டப் பற்றரியை சார்ஜ் பண்ணவே கூடாது, வீங்கி வெடிக்கலாம். சில ரூபா டையோட் ஒன்று போதும் அதைத் தடுக்க. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இதை யாராவது ராத்திரி பகலாகப் போட்டுவைத்திருந்தால்?

திரும்பப் போய், கொடுக்கும் முன் அந்தத் திரையைப் போனில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். "அது வேற மெஷினா இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சரி, நீங்கள் இப்படிச் செய்யுங்கள். கொடுக்கும் முன், மெஷினைப் போட்டதும் ரேமையும் பட்டியலையும் காட்டும் அந்தத் திரையையும், சிப், ரேம், கார்டுகளின் எழுத்துகளையும் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். நான் அப்படிச் செய்ததால்தான் அச்சகத்துக் கோப்புகள் தப்பின. முடிந்தால் சிப்பையும் ரேமையும் கூடக் கழற்றிவிட்டு வெறும் போட்டை மட்டும் கொடுங்கள். கோடு ஒட்ட அதுவே போதும். கழற்றிய பழைய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பற்றரியைக் கழற்றுவதற்கு கடைக்கே போகவேண்டாம். வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கசிந்தது காரம் (அமிலத்துக்கு எதிரானது), அதை வினிகர் முறிக்கும். அப்புறம் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் கழுவிக் காயவிடுங்கள். கீபோட் கோடுகளை மட்டக்களப்பில் ஒரு நண்பர் ஒட்டித் தந்தார், நான் பக்கத்திலேயே இருந்தேன். இப்போது வேலை செய்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். தொலைபேசி 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

என் ரேம் இரண்டிலும் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி இருக்கும், அச்சகத்தில் வைத்த அடையாளம். யாராவது உங்களிடம் விற்கக் கொண்டுவந்தால் வாங்காமல் எனக்குச் சொல்லுங்கள்.