வடகடலா, தென்கடலா, ஆழ்கடலா: ராமேஸ்வரம் கரையில் எந்தத் தொழில் நிலைக்கும்?

ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்குக் கடல் இரண்டு. வடக்கே கிடக்கும் பாக் விரிகுடா வடகடல். தெற்கே கிடக்கும் மன்னார் வளைகுடா தென்கடல். தீவின் ஒடுக்கமான இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் இரண்டின் குணமும் வேறு, ஆழமும் வேறு, மீனும் வேறு. 2017-க்குப் பிறகு இந்த இரண்டோடு ஆழ்கடல் என்ற மூன்றாவது வழியும் சேர்ந்துகொண்டது.

இன்றைக்கு இந்தக் கரையில் தொழிலுக்கு வரும் ஒரு இளைஞன் முன்னால் இருக்கிற வழிகள் மூன்று. நாட்டுப்படகு வைத்துக்கொண்டு காற்றுக்கேற்ப வடகடலிலும் தென்கடலிலும் மாறி மாறித் தொழில் செய்வது. விசைப்படகில் வடகடலில் மடி, அதாவது கடல் தரையை ஒட்டி இழுக்கும் இழுவலை, இழுப்பது. பெரிய படகில் பல நாள் தங்கி ஆழ்கடலில் சூரை மீன் பிடிப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகுதான் முதலிடம். ஆழ்கடல் இரண்டாவது, அதுவும் தக்க பயிற்சி இருந்தால் மட்டும். மடி இழுக்கிற தொழிலுக்குப் புதிதாக யாரும் பணம் போடக்கூடாது. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

காற்று போடும் அட்டவணை

ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் வடகடல் கலங்கிவிடும். வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு எதிரே மறைப்பு எதுவும் இல்லை. விரிகுடாவின் ஆழமும் குறைவு. சராசரியாக 9 மீட்டர் அளவுதான். ஆழமில்லாத நீரில் காற்று சீக்கிரம் அலையைக் கிளப்பிவிடும், அலையும் குட்டையாக அடுத்தடுத்து வந்து அடிக்கும். சின்னப் படகுக்கு இந்த அலைதான் ஆபத்து. அதே நாட்களில் தெற்குப் பக்கம் தீவின் மறைப்பில் அமைதியாகக் கிடக்கும்.

வைகாசி தொடங்கிக் கச்சான்காற்று வீசும்போது இது அப்படியே தலைகீழாகும். தென்கடலில் அலை உயர்ந்து கரையில் மோதும், வடகடல் தணிந்துவிடும். இடையில் பங்குனி, சித்திரை மாதங்களில் இரண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும்.

தீவின் நாட்டுப்படகுக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான். ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் திறக்கும். கரைவலை இழுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கரை மாறியிருக்கிறார்கள். ஃபைபர் படகு என்றால் பாம்பன் கால்வாய் வழியாகப் பாலத்துக்கு அடியிலேயே அந்தப் பக்கம் போய்விடலாம். பெரிய படகுகளுக்கு அந்த வசதி இல்லை. 1914-ல் கட்டிய பழைய ரயில் பாலம் இருந்த காலத்திலும் தூக்குப் பகுதியைத் திறக்கும் நாளுக்காக அவை காத்துக் கிடந்தன; 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலத்திலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

விசைப்படகுக்குக் காற்று போடும் அட்டவணையோடு அரசாங்க அட்டவணையும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. அப்புறம் எழுபதுகளின் கடைசியில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வாரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு; மீதி நான்கு நாள் நாட்டுப்படகுக்கு.

இதைக் கூட்டிப் பார்த்தால் படம் தெளிவாகத் தெரியும். தடைக்காலம் போக ஆண்டில் ஏறக்குறைய 43 வாரம் மிஞ்சும். வாரம் மூன்று நாள் என்றால் விசைப்படகுக்கு ஏறக்குறைய 130 நாள். புயல் எச்சரிக்கை வந்து மீன்வளத்துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் தராத நாட்களை இதில் கழிக்க வேண்டும். இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் துறைமுகம் முழுக்க வேலைநிறுத்தம் நடக்கும், அந்த நாட்களையும் கழிக்க வேண்டும். நாட்டுப்படகுக்கு அதே 43 வாரத்தில் 170 நாளுக்கு மேல் வரும், தடைக்காலத்திலும் தொழில் உண்டு. அந்த இரண்டு மாதமும் சந்தையில் மீன் வரத்து குறைவு என்பதால் விலையும் நன்றாக நிற்கும். காற்றும் பிறையும் பார்த்துப் போகாத நாட்களைக் கழித்தாலும் நாட்டுப்படகுக்குத்தான் நாள் அதிகம்.

வலையில் விழுவது எது

வடகடலின் தரை சேறும் மணலும் கலந்தது. கடல்புல் பரந்து கிடக்கிறது. அந்தப் புல்லில்தான் நண்டும் இறாலும் வளர்கின்றன, காரல் கூட்டமும் அதை ஒட்டித்தான் மேயும். நண்டுவலை போடுபவருக்கு வடகடல் ஒரு வங்கிக் கணக்கு மாதிரி. பெருந்தொகை வராது, ஆனால் எடுத்துக்கொண்டே இருக்கலாம். நீலக்கால் நண்டை வாங்க ஏற்றுமதி நிறுவனங்களின் ஆட்கள் கரையிலேயே நிற்கிறார்கள். வலையிலிருந்து நண்டைக் கழற்றும் வேலையில் வீட்டுப் பெண்களும் சேர்கிறார்கள். கால் ஒடியாமல், வலை கிழியாமல் நண்டைக் கழற்றுவது பொறுமை கேட்கும் வேலை. அந்த உழைப்புக்குப் பெரும்பாலான வீடுகளில் தனிக் கூலி கிடையாது. நாட்டுப்படகு லாபக் கணக்கு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தென்கடல் வேறு மாதிரி. கரையை ஒட்டிப் பார்கள், அதாவது பவளப் பாறைத் திட்டுகள்; அதற்கப்பால் ஆழம் வேகமாக இறங்குகிறது. பாரை ஒட்டித் தூண்டில் போட்டால் கலவாயும் விளமீனும் கிடைக்கும். செவுள்வலையில் சீலாவும் பாரை மீனும் சூரையும் விழும். ஒரு நல்ல சீலாவின் விலைக்கு வடகடலில் எத்தனையோ கிலோ காரல் பிடிக்க வேண்டும். ஆனால் தென்கடலில் சீலா எல்லா நாளும் வராது. நீவாடு, அதாவது நீரோட்டம், சரியாக இல்லாவிட்டால் வலை வெறுமையாகத்தான் திரும்பும். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவுகளுக்கு அருகே போனால் வனத்துறை மறிக்கும். பார்களைக் காப்பது அவசியம் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தீவுக்கு அருகே தூண்டில் போடும் ஒற்றை ஆளையும், பாரையே சுரண்டும் மடியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

விசைப்படகு முதன்மையாகத் தேடிப் போவது இறாலை. தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் போகும் முதல் பயணத்தில் இறால் நன்றாகவே கிடைக்கும். இரண்டு மாதம் தொடாமல் விட்ட கடல் அப்படித்தான் கொடுக்கும். சில வாரத்தில் பிடிபாடு குறைந்துவிடும். விலைப் பக்கமும் சிக்கல் இருக்கிறது. 2009-ல் வன்னாமி இறால் வளர்ப்பு நாட்டில் அனுமதி பெற்ற பிறகு ஏற்றுமதிச் சந்தையைப் பண்ணை இறால் பிடித்துக்கொண்டது. கடல் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. ஆமை தப்பிக்கும் கருவி மடியில் இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். டீசல் செலவு ஏறிக்கொண்டே போகிறது, இறாலுக்கு அந்த வேகத்தில் விலை ஏறவில்லை.

மடியில் இறாலோடு குஞ்சும் குறுமீனும் சேர்ந்து வரும். அதைக் கழிவென்று உலர்த்தி மீன்தூள் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டு நண்டுவலையிலும் செவுள்வலையிலும் விழ வேண்டிய மீன் அது. 9 மீட்டர் ஆழத்துக் கடலில் தரையைச் சுரண்டும் மடியை ஓயாமல் இழுத்தால் புல் பிழைக்காது. புல் போனால் நண்டும் போகும், ஆவுளியா என்ற கடற்பசுவும் போகும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அந்தப் புல்வெளிகளை நம்பித்தான்.

எல்லைக்கோடு

விசைப்படகுத் தொழிலை நான் கடைசியில் வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். கச்சத்தீவை இலங்கைப் பக்கம் சேர்த்து 1974-ல் வரைந்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை ராமேஸ்வரத்துக்கு மிக அருகே ஓடுகிறது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு என்று சட்டம் ஒதுக்குகிறது. அதைக் கழித்தால் நூற்றுக்கணக்கான விசைப்படகுகளுக்கு நம் பக்கம் மிஞ்சுவது ஒரு ஒடுக்கமான பட்டைதான். இறால் அந்தப் பக்கம் இருக்கிறது, படகும் அந்தப் பக்கம் போகிறது.

அந்தப் பக்கம் வலை போட்டிருப்பவர்களும் தமிழர்கள்தான். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் போர்க்காலம் முழுக்கக் கடலுக்குச் சரியாகப் போக முடியாமல் கிடந்து, 2009-க்குப் பிறகுதான் கடன் வாங்கி வலையும் படகும் சேர்த்தார்கள். இரவில் அவர்கள் கட்டிவைத்த வலை மீது நம் மடி ஓடினால் காலையில் அவர்களுக்கு மிஞ்சுவது அறுந்த கயிறு. நம் மீனவர் கைதாகும்போது துடிக்கிற நாம் இதையும் பேச வேண்டும். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. மறு ஆண்டே அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. இப்போது பிடிபட்டால் ஆள் சில மாதம் சிறையிலிருந்து திரும்பி வந்தாலும் படகு திரும்பி வருமென்ற உறுதி இல்லை. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மொத்த முதலும் ஒரே இரவில் போய்விடுகிறது. படகில் போன கூலி மீனவரின் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அடி.

நாட்டுப்படகுக்காரர்களும் எப்போதாவது பிடிபடுகிறார்கள். ஆனால் நண்டுவலைக்கு எல்லை தாண்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆழ்கடல் என்ற வாக்குறுதி

இந்தச் சிக்கலுக்கு மருந்தாகத்தான் ஆழ்கடல் திட்டம் வந்தது. 2017 ஜூலை 27 அன்று ராமேஸ்வரத்தில் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். பழைய இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆயிரங்கால் தூண்டிலும் (ஒரே நீளக் கயிற்றில் பல தூண்டில்கள்) செவுள்வலையும் கொண்ட புதுப் படகை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அப்போது படகின் மதிப்பு 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம். மூன்று ஆண்டில் 2,000 படகு என்று இலக்கு வைத்தார்கள். அதில் சிறு பகுதிதான் நிறைவேறியது.

யோசனை நல்லதுதான். சூரையைத் துரத்திப் போகிற படகுக்கு எல்லைச் சிக்கல் குறைவு, வடகடலின் தரையும் மூச்சு விடும். ஆனால் மறுநாளே கரை திரும்பியவனை இரண்டு மூன்று வாரம் கடலிலேயே இரு என்று சொன்னால், அது தொழில் மாற்றம் மட்டுமல்ல, வாழ்க்கையே மாறுகிறது. தூண்டிலுக்கு இரை பிடிக்க வேண்டும், சூரை போகிற பாதை தெரிய வேண்டும், பிடித்ததைத் தரம் குறையாமல் ஐஸில் வைக்க வேண்டும். வடகடலில் மடி இழுத்த கைக்கு இது எதுவும் பழக்கமில்லை. இவ்வளவு பெரிய படகு வடகடல் கரையில் நிற்கவும் ஆழம் போதாது. அதற்காகத்தான் தென்கடல் பக்கம் மூக்கையூரிலும் குந்துகாலிலும் துறைமுக வசதி செய்தார்கள். ராமேஸ்வரத்தில் குடியிருப்பவருக்கு மூக்கையூர் தூரம்.

குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்களைப் பார்த்தால் ஆழ்கடல் முடியாத காரியமில்லை என்பது தெரியும். சுறாவையும் சூரையையும் தேடி அரபிக்கடல் முழுக்கச் சுற்றுகிறார்கள், ஒரு பயணம் ஒரு மாதத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் அது மானியத்தில் வந்த திறமை இல்லை. அப்பாவோடும் மாமாவோடும் சிறுவயதிலேயே படகேறிக் கற்றது. அதன் விலையையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, நடுக்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கும் மேலான மீனவர்கள் திரும்பவில்லை. கரையோரத் தொழிலில் பாம்பன் துறைமுகத்து எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆழ்கடலில் அந்தக் கூண்டு கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் கருவி படகில் இல்லாமல் ஆழ்கடலுக்குப் போக யாரும் சம்மதிக்கக்கூடாது.

அப்படியானால் யாருக்கு எது?

சொந்த முதல் குறைவு, வீட்டில் இரண்டு ஆள் கூடப் போகலாம், மாலையில் வீடு திரும்ப வேண்டும் என்றால் ஃபைபர் படகும் நண்டுவலையும் போதும். கையில் கொஞ்சம் கூடும்போது தென்கடலுக்குச் சீலா வலை சேர்த்துக்கொள்ளலாம். வாடைக்காலத்துக்கு ஒரு வலை, கச்சான்காலத்துக்கு ஒரு வலை என்று இரண்டு செட்டு இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம். ஒரே வலையை நம்பினால் ஆண்டில் பாதி நாள் கரையில்தான் இருக்க வேண்டியிருக்கும். சினை நண்டைத் திரும்பக் கடலில் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே விசைப்படகும் கடனும் வைத்திருப்பவர்களின் நிலைமை கடினம். நாளைக்கே விட்டுவிடு என்று கரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அவர்கள் ஆழ்கடல் படகு எடுக்கும் முன், ஒரு பருவமாவது தூத்தூர்ப் படகில் கூலி ஆளாகப் போய்வருவது நல்லது. முடியாது என்று தெரிந்தால் பெரிய கடன் தலையில் ஏறாமல் தப்பிக்கலாம். முடியும் என்று தெரிந்தால், தனியாக எடுக்காமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு படகு எடுங்கள். கடலில் தங்குவதை முறை வைத்துப் பிரித்துக்கொண்டால் வருமானமும் நிற்காது, வீட்டோடு இருக்கும் நாட்களும் கிடைக்கும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 2017 திட்டத்தில் ஒரு ஆழ்கடல் படகுக்கு அரசுகள் இரண்டும் சேர்ந்து அறிவித்த மானியம் 56 லட்சம். அதே பணத்தில் எத்தனை நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு இரண்டாவது செட்டு வலையும், பிடித்ததைக் கெடாமல் வைக்க ஐஸ் பெட்டியும், கரையிலேயே ஏலக்கூடமும் கொடுக்கலாம் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.