உபுண்டுவில் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர்: ஒரு பிரிக்பீல்ட்ஸ் கடையின் அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் கடையில் இரண்டு கணினிகள் ஓடுகின்றன. ஒன்றில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060, மற்றதில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 580. இரண்டிலும் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். கல்யாண வீடியோ எடிட்டிங்கும் பேனர் டிசைனும்தான் நமக்குப் பிழைப்பு. விண்டோஸை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. "லினக்ஸ்ல கிராஃபிக்ஸ் டிரைவர் போடறது கஷ்டமாண்ணே?" என்று யாராவது கேட்டால், என்ன கார்டு, அதில் என்ன வேலை பார்க்கப் போகிறாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஏஎம்டி கதை சின்னது. அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2015-லேயே லினக்ஸின் மையமான கெர்னல் 4.2-உடன் சேர்ந்துவிட்டது. படம் வரைய வேண்டிய ஓப்பன்ஜிஎல், வல்கன் எல்லாம் உபுண்டுவோடு வரும் மேசா தொகுப்பில் வந்துவிடும். உபுண்டுவைப் போட்டேன், திரை வந்தது, வேலையைத் தொடங்கினேன். கெர்னல் புதுசாகும்போது டிரைவரும் கூடவே புதுசாகிறது. இத்தனை காலத்தில் அதற்காக நான் ஒரு கட்டளைகூடத் தட்டியதில்லை.

அப்படியென்றால் இரண்டிலும் ஏஎம்டியே போட்டிருக்கலாமே? முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர்தான் இடிக்கிறது. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 கார்டிடம் கணக்கு வேலை கொடுக்கும் ஓப்பன்சிஎல் வழியைக் கைகழுவியது. அதற்குப் பதிலாக வந்த ஏஎம்டியின் ஹிப், பழைய போலாரிஸ் தலைமுறைக் கார்டுகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆர்எக்ஸ் 580 போலாரிஸ். மணமக்கள் பெயர் பொன்னெழுத்தில் சுழன்று வரும் அந்த முகப்பை (எல்லாருக்கும் அது வேண்டும், எனக்குத்தான் அலுத்துவிட்டது) பிளெண்டரின் சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தால் (படமாக்கினால்), கார்டு சும்மா இருக்க, சிபியு மட்டும் கிடந்து தவிக்கும். பழைய 1060 அதையே என்விடியாவின் சொந்த வழியான 'கூடா' மூலம் மளமளவென்று முடித்துவிடுகிறது.

ஆக, பாடு எல்லாம் என்விடியாவோடுதான். கெர்னலோடு வரும் நூவோ என்ற திறந்த மூல டிரைவரில் படம் தெரியும், பேனர் வேலைக்குக்கூடப் போதும். ஆனால் 1060 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளில் அதனால் கடிகார வேகத்தை ஏற்ற முடியாது. வேகத்தை ஆளும் ஃபர்ம்வேருக்கு என்விடியாவின் கையொப்பம் வேண்டும், அது நூவோவுக்குக் கிடைக்கவில்லை. கார்டு பூட் ஆன வேகத்திலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். கூடாவும் கிடையாது. எனவே என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டே ஆக வேண்டும்.

போடுவதற்கு 'அடிஷனல் டிரைவர்ஸ்' ஜன்னல் போதும். டெர்மினல் பிடிக்குமென்றால் 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' என்ற ஒரு வரி. கார்டு எது என்று அதுவே பார்த்துப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது செக்யூர் பூட், அதாவது கையொப்பமில்லாத மென்பொருளை ஏறவிடாத பாதுகாப்பு. உபுண்டு தன் கெர்னலுக்கென்றே கட்டி, கையொப்பமும் போட்டு வைத்திருக்கும் மாட்யூல் (கெர்னலில் ஏறும் டிரைவர் பகுதி) கிடைத்தால் தொல்லையே இல்லை. டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைப் புதிதாகக் கட்டும் கருவி) வழியாக நம் கணினியிலேயே மாட்யூல் கட்டப்பட்டால், நடுவில் ஒரு பாஸ்வர்டு கேட்கும். மறுபடி பூட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வரும். "ஏதாவது ஒரு கீயை அழுத்து" என்று பத்து வினாடி காத்திருக்கும். அந்தப் பத்து வினாடிக்குள் அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே'வுக்குப் (நம் கையொப்பச் சாவியைப் பதிவது) போய், கொடுத்த பாஸ்வர்டைத் தட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து தே தாரிக் குடிக்கப் போய்விட்டால் கணினி பாட்டுக்குச் சாதாரணமாக பூட் ஆகிவிடும், டிரைவர் மட்டும் ஏறாது. "போட்டேன், வேலை செய்யல" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

போட்ட பிறகு வரும் வம்பு வேறு மாதிரி. ஒரு சனிக்கிழமை, காலையில் கோயிலில் தாலி கட்டு, அன்றிரவே டின்னர். காலை வீடியோவை வெட்டி டின்னரில் திரையிட வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா வாட்சப்பில், "அண்ணே, எட்டு மணிக்குள்ள வந்துருமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எடிட்டிங் மென்பொருளான கேடன்லைவில், என்விடியா கார்டே வீடியோவைச் சுருக்கித் தரும் என்வென்க் ரெண்டர் கொடுத்தால் உடனே பிழை. டிரைவர் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையைத் தட்டினேன். "டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்றது. நான் எடிட் செய்துகொண்டிருந்தபோதே பின்னணியில் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் வந்து லைப்ரரிகளை மாற்றியிருக்கிறது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ பழைய மாட்யூல். ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது. இந்தப் பிழையைப் பார்த்ததும் பதறிப்போய் டிரைவரை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. இப்போது அந்தத் தானியங்கி அப்டேட்டைச் செய்யும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸின் தடைப் பட்டியலில் என்விடியா பேக்கேஜ்களைச் சேர்த்திருக்கிறேன். கல்யாணம் இல்லாத திங்கட்கிழமைக் காலையில் நானே அப்டேட் கொடுத்து, ரீபூட் செய்து, ஒரு சின்ன ரெண்டர் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

என்விடியா தளத்திலிருந்து '.ரன்' கோப்பை இறக்கிப் போடும் வழியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. செந்தூலில் ஒரு தம்பியின் கணினிக்கு ஏதோ ஒரு கடையில் அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், டிகேஎம்எஸ் பதிவுகூட இல்லாமல். அடுத்த கெர்னல் அப்டேட்டில் கறுப்புத்திரை. எஸ்கேப் கீயை அழுத்தி, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவுக்குப் போய், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்ததும் திரை வந்துவிட்டது. பிறகு அந்த டிரைவரை நீக்கிவிட்டு உபுண்டு பேக்கேஜையே போட்டோம். "அண்ணே, தமிழ் எழுத்து ஒடைஞ்சி ஒடைஞ்சி தெரியுது, அதுவும் இந்த டிரைவர்னாலயா?" என்றான். இல்லை. எழுத்துகளைச் சேர்த்துக் கட்டுவது ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருளின் வேலை. அவன் ஃபாண்ட்தான் அரைகுறை.

சஸ்பெண்ட் எனக்கு ஒத்துவரவில்லை. விழித்தெழும்போது திரையில் கோலம் போட்டதுபோல் புள்ளிகள் வரும். வீடியோ நினைவகத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை இயக்கியதும் பெரும்பாலும் தீர்ந்தது. இருந்தாலும் கடையை அடைக்கும்போது நான் ஷட்டவுனே செய்துவிடுகிறேன்.

இனி 1060-க்கு எவ்வளவு காலம்? 2022-இல் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். ஆனால் அது பாஸ்கலுக்குப் பிந்திய டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பின்னால் வந்தவற்றுக்கும் மட்டும், பாஸ்கலுக்குக் கிடையாது. இப்போது பாஸ்கலைத் தாங்கும் கடைசி டிரைவர் வரிசை 580 என்று ஆகிவிட்டது. (ஆர்எக்ஸ் 580-யும் டிரைவர் 580-யும் ஒரே கடையில், போனில் ஆளுக்கு விளக்கிப் பாருங்கள், தெரியும்.) உபுண்டு 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, அதனால் நான் அவசரப்படவில்லை. 25.10-லிருந்து உபுண்டுவின் குனோம் மேசையில் பழைய திரை அமைப்பான எக்ஸார்க் அமர்வும் போய்விட்டது, புதிய வேலண்ட் மட்டும்தான். இந்தக் கார்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக எனக்கு மனசில்லை.

இப்போது புதிதாகக் கார்டு வாங்க லோ யாட் கணினிக் கடை வளாகத்துக்குப் போகிறவர்களுக்கு: பிளெண்டர், கூடா வேலை இருந்தால் என்விடியா வாங்குங்கள், ஆனால் டூரிங்குக்கு முந்தியது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெறும் எடிட்டிங், பேனர் என்றால் ஏஎம்டியே எடுங்கள். எதை வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே நீளமான ரெண்டர் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.