அச்சோவியருக்கு ஏற்ற சென்னை: கிரீம்ஸ் சாலைப் பட்டறை

அச்சோவியம் (தகட்டில் வரைந்து தாளில் அச்செடுக்கும் ஓவியம்) செய்பவர் சென்னையில் வீடு தேடும்போது வாடகையைவிட முதலில் பார்க்க வேண்டியது, எச்சிங் பிரஸ் (அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து அச்செடுக்கும் உருளை இயந்திரம்) எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான். பெரிய பிரஸ்ஸின் எடையை மாடி வீடு தாங்காது. தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதமியின் கிரீம்ஸ் சாலை மையத்திலுள்ள அச்சோவியப் பட்டறை அந்தக் கவலையைத் தீர்க்கிறது. சுடுமண், சிற்பப் பட்டறைகளும் அங்கேயே. நகரத்தின் பெரிய பலம் இது.

துத்தநாகத் தகட்டின் விளிம்புகளை 45 டிகிரி சாய்வாக அரத்தால் தேய்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். கூராக விட்டால் உருளைக்கு அடியிலுள்ள கம்பளி கிழியும். அடுத்தவருக்கும் அதுதானே வேண்டும்! மே மாதச் சூட்டில் நைட்ரிக் அமிலம் வேகமாக அரித்துக் கோடுகளைத் தடிக்க வைக்கும். அமில வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அச்செடுக்க நனைத்த தாளை பிளாஸ்டிக்கில் சுற்றி நாட்கணக்கில் விட்டால், இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சைதான்.