ஸ்தாஜா, அல்தர்னான்ஸா? ரெயூனியன் மாணவர்களுக்கு ஒரு கணக்கு

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேன்-ஆந்த்ரேயிலும் சேன்-தெனியிலும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை கல்லூரியில் இரண்டாம் ஆண்டை எட்டியதும் ஸ்தாஜா (குறுகிய காலப் பயிற்சி), அல்தர்னான்ஸா (படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் முறை) என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. இரண்டையும் ‘நிறுவனத்தில் பயிற்சி’ என்றே பெற்றோர் சொல்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. ஸ்தாஜ் படிப்பின் ஒரு பகுதி. அதற்கு வேலை ஒப்பந்தம் கிடையாது. மாணவர், நிறுவனம், கல்வி நிலையம், இரு தரப்பு வழிகாட்டிகள் என ஐவர் கையெழுத்திடும் உடன்படிக்கை மட்டுமே. அல்தர்னான்ஸில் பலரும் எடுக்கும் தொழிற்பழகுநர் ஒப்பந்தமோ முறையான வேலை ஒப்பந்தம். சம்பளம் உண்டு, ஆண்டுக்கு ஐந்து வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு, கல்விக் கட்டணம் மாணவர் தலையில் விழாது.

பணத்தைப் பார்ப்போம். 2025 கணக்குப்படி ஸ்தாஜுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மணிக்கு 4.35 யூரோ. ஆனால் பயிற்சி 308 மணி நேரத்தைத் தாண்டினால்தான் அதைக் கொடுக்கும் கட்டாயம் வருகிறது. தாண்டிவிட்டால் முதல் மணியிலிருந்தே கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி தன் உடன்படிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். எட்டு வாரம், வாரத்துக்கு 35 மணி. பெருக்கினால் 280. ஒரே ஒரு வாரம் கூட்டியிருந்தால் 315 மணி, கையில் 1,370 யூரோ. அந்த எட்டு வாரத்தில் அவள் முழு ஊழியர் செய்யும் வேலையைச் செய்தாள், ஒரு சென்ட் கூட வாங்காமல். எனக்கு இது பொறுக்கவில்லை. சேன்-பியேரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஸ்தாஜ் செய்யலாம். ஆகவே ஒன்பது வாரம் கேட்பது சலுகை அல்ல, விதிக்கு உட்பட்டதுதான். கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

பழகுநர் சம்பளம் வயதையும் ஆண்டையும் பொறுத்தது. 18 முதல் 20 வயதுவரை முதல் ஆண்டில் குறைந்தபட்ச ஊதியத்தில் 43 விழுக்காடு, 21 முதல் 25 வரை 53 விழுக்காடு. 2025இல் அது மாதம் சுமார் 775 யூரோவும் 955 யூரோவும். ஒரு விஷயத்தை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்: பழகுநராகச் சேர்ந்தால் அரசு கல்வி உதவித்தொகை நின்றுவிடும். கூடுதல் தொகை கிடைக்கும் உயர்ந்த படிநிலையில் உதவி வாங்கும் பிள்ளை, சம்பளத்தைக் கண்டு மயங்காமல் இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஸ்தாஜ் அந்த உதவியைத் தொடுவதில்லை.

கிடைப்பது எது எளிது? ஐயமே இல்லை, ஸ்தாஜ்தான். இது சிறிய தீவு, நிறுவனங்களும் பெரும்பாலும் சிறியவை. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்துக்கு முதலாளி தயங்குகிறார். 2025 ஜூலை முதல் இளங்கலை நிறைவு நிலை, முதுகலைப் படிப்புகளுக்கு அவர் பயிற்சிச் செலவில் 750 யூரோ பங்கும் செலுத்த வேண்டியிருக்கிறது. பயிற்சி மையத்தில் சேர்ந்த பிறகு முதலாளியைத் தேட மூன்று மாத அவகாசம் உண்டுதான். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே படியேறத் தொடங்குங்கள். அண்ணன், மாமா, கோயில் சங்கத்தில் பழகியவர் என்று யார் மூலமாக அறிமுகம் கிடைத்தாலும் கூச்சம் வேண்டாம்.

என் தீர்ப்பு இது. எந்தத் துறை என்று இன்னும் தெளியாதவர் ஸ்தாஜ் எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் சில வாரங்களில் முடிந்துவிடும். பழகுநர் ஒப்பந்தத்தை நிறுவனத்தில் செலவிடும் முதல் 45 நாட்களுக்குள் இரு தரப்பும் எளிதாக முறிக்கலாம். அதற்குப் பின் வெளியேறுவது கடினம். துறை தெளிந்தவர் மூன்றாம் ஆண்டில் அல்தர்னான்ஸையே குறிவைக்கட்டும், அதுவும் முன்பு ஸ்தாஜ் செய்த இடத்திலேயே. உங்கள் கைவேலையை நேரில் கண்ட மேலாளர் எடுப்பதுபோல் வெறும் விண்ணப்பத்தைப் பார்த்து எவரும் எடுப்பதில்லை. ஸ்தாஜின் கடைசி வாரத்தில், விடைபெறும் முன், “அடுத்த ஆண்டுக்குப் பழகுநர் தேவைப்படுமா?” என்று அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

பிரான்ஸ் பெருநிலத்தில் வாய்ப்புகள் மிகுதி. விமானச் செலவுக்குத் தகுதியுள்ளவர்களுக்கு லாடோம் என்ற அரசு நிறுவனம் உதவுகிறது. ஆனால் பாரிஸ் வாடகையை 775 யூரோவில் சமாளிப்பது கடினம். உறவினர் வீடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.